மாலை ஏழு மணி மொழியியல்: ஒரு பகுதிநேர முதுகலைப் படிப்பைப் பற்றிய மதிப்புரை

பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் மொழியியல் படிக்க விரும்புவோர்க்காகச் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் இரண்டாண்டுப் பகுதிநேர முதுகலைப் படிப்பில் 2023 ஆகஸ்டில் சேர்ந்து 2025இல் முடித்தேன். குறைகளையும் எழுதப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். அறிவிப்புகள், கையேடுகள், மருந்துக் குறிப்புகள் என்று பதினெட்டு ஆண்டுகளாக இதே வேலை. இப்படிப்பில் சேரலாமா என்று தமிழாசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விளம்பர ஏட்டில் அயல்மொழிகள், இலக்கியம், மொழியியல் என்று மூன்று சரக்கு போட்டிருக்கிறார்கள்; கடைக்குள் போய்ப் பார்த்தால் இருப்பது ஒன்றரைதான். ஆனால் அந்த ஒன்றில் கலப்படம் இல்லை.

முதலில் பணம். மொத்தக் கட்டணம் என் ஏழு மாதச் சம்பளத்துக்கு நிகராக வந்தது. நான் சேர்ந்தபோது 8 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி 2024 ஜனவரியில் 9 விழுக்காடானதால், இரண்டாம் தவணை முதல் தவணையைவிடச் சற்றுக் கூடுதல். அதே ஆண்டு மே மாதம் 40 வயதை எட்டிய சிங்கப்பூரர்களின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (திறன் மேம்பாட்டுக்கு அரசு தரும் உதவித்தொகை) கணக்கில் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டபோது ஆவலோடு போய்ப் பார்த்தேன். அத்தொகை குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டுமே செல்லும், என் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அலுவலகத்தில் என்னைவிட இளைய சக மொழிபெயர்ப்பாளர் ஒருவர், “அக்கா, இதைப் படிச்சா சம்பளம் ஏறுமா?” என்று நேராகவே கேட்டார். ஏறவில்லை. ஏறும் என்று நினைத்துச் சேர்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேரக் கணக்கும் கொஞ்சம் கடுமையானது. வாரத்தில் இரண்டு நாள், மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை வகுப்பு. நான் இருப்பது ஈசூனில்; வகுப்பு தீவின் வேறொரு கோடியில். பெருவிரைவு ரயிலிலிருந்து இறங்கி, பேருந்தைப் பிடித்து, சாப்பாட்டுக் கடையில் ஒரு தே ஓ கொசோங்கை (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வாயில் ஊற்றிக்கொண்டு ஓடினால்தான் ஏழு மணிக்கு உட்கார முடியும். திரும்பி வீடு சேரும்போது பதினொன்றரை. படிக்க வேண்டிய கட்டுரைகளை ரயிலில்தான் படித்தேன். ஆனாலும் ஒன்பது மணிக்கு மேல் யாரும் தூங்கிவிடாதபடி பெரும்பாலான பாடங்களை அமைத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

முதல் பருவத்தின் ஒலியியல் பாடத்துக்காக மட்டுமே பாதிக் கட்டணத்தைக் கொடுக்கலாம். 1886இல் மொழி ஆசிரியர்கள் சிலர் பாரிசில் தொடங்கிய சங்கம் 1888இல் முதன்முதலாக வெளியிட்ட அனைத்துலக ஒலிப்பு எழுத்துமுறையை எங்களுக்குப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. ஒவ்வோர் ஒலியையும் வாயால் செய்து காட்டச் சொன்னார்கள். இரண்டாம் வாரத்தில் ஆளுக்கொரு தாள்துண்டைக் கொடுத்து, அதை உதட்டருகே பிடித்துக்கொண்டு தத்தம் மொழியில் சொற்களைச் சொல்லச் சொன்னார் விரிவுரையாளர். பக்கத்தில் இருந்த சீன மொழி ஆசிரியை ஒரு சொல்லைச் சொன்னபோது தாள் துள்ளியது, அடுத்ததைச் சொன்னபோது அசையவில்லை. நான் ‘பல்’ என்றேன், அசையவில்லை. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் வரும் ‘b’ என்ற எழுத்தை ஆங்கிலம் படித்தவர்கள் அதிர்வொலியாக, அதாவது குரல்வளை அதிரும் ஒலியாகப் படித்துவிடுகிறார்கள்; அதன் உண்மையான ஒலி நம் சொல்முதல் பகரத்துக்கு மிக நெருங்கியது என்று அன்று தெரிந்துகொண்டேன். நாற்பது ஆண்டுகளாகச் சீனர்களோடு அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தும் இது என் காதில் விழுந்ததில்லை.

நம் எழுத்துமுறையைப் பற்றி வெளியில் சொல்லப்படும் குறைகளில் பாதி, ஒலிக்கும், பொருளை வேறுபடுத்தும் ஒலியலகான ஒலியனுக்கும் வேறுபாடு அறியாததால் வருகிறது என்பதும் இந்தப் பாடத்தில்தான் தெளிவாயிற்று. ‘கல்’, ‘பங்கு’, ‘மகன்’ ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆனால் எந்த இடத்தில் எது ஒலிக்கும் என்பதை இடமே தீர்மானித்துவிடுவதால் மூன்று எழுத்துக்குத் தேவையே இல்லை. சிக்கல் வருவது இரவல் சொற்களில். ‘பாவம்’ என்று எழுதிவிட்டு, தீவினையைச் சொல்கிறோமா, நடனத்தில் முகத்தில் காட்டும் உணர்ச்சியைச் சொல்கிறோமா என்று கேட்டால், எழுத்து கையை விரித்துவிடும். வாய் மட்டும் அதிர்வோடும் அதிர்வில்லாமலும் வேறுபடுத்திச் சொல்லும். இதை நான் வகுப்பில் எடுத்துச் சொன்னபோது, விரிவுரையாளர் அப்படியே வெண்பலகையில் எழுதிக்கொண்டார்.

எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ‘பிராட்’ என்ற ஒலி ஆய்வு மென்பொருளோடு அடுத்த ஆறு வாரம் போயிற்று. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது. டச்சு மொழியில் அந்தப் பெயருக்குப் ‘பேச்சு’ என்று பொருள். என் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். அவன் ‘பழம்’ சொல்வதையும் என் மாமியார் ‘பழம்’ சொல்வதையும் பதிவுசெய்து, ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் நிறமாலைப் படமாகப் போட்டுப் பார்த்தேன். மாமியாரின் ழகரத்தில் மூன்றாவது ஒத்ததிர்வுப் பட்டை (வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண் படத்தில் பட்டையாகத் தெரியும்) இரண்டாவதை நோக்கிச் சரிந்து இறங்கியது. மகனுடையதில் அது மேலேயே நின்றது, அதாவது அவன் சொன்னது ‘பளம்’. “அப்படித்தான் அம்மா நானும் சொல்றேன்” என்று அவன் சாதித்தான். படத்தைக் காட்டியபின் ஒன்றும் சொல்லவில்லை. தமிழின் இந்த ஒலிகளை நாக்கின் அசைவை அளந்தும் காந்த அதிர்வுப் படம் பிடித்தும் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் ஆகிய மூவர் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை எங்கள் வாசிப்புப் பட்டியலில் இருந்தது. மேடையில் ழகரத்தைச் சிறப்பு என்று கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது வாய்க்குள் என்ன நடக்கிறது என்று ஒருவர் விளக்கி அன்றுதான் கேட்டேன்.

இங்கே ஒரு மனக்குறையும் உண்டு. இந்திய மரபு என்று வந்தபோது பாணினிக்கு ஒரு பக்கம் கொடுத்தார்கள். தொல்காப்பியத்துக்கு ஒரு வரியும் இல்லை. எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களில் பட்டு எழுத்தாக மாறுவதை முறைப்படுத்திச் சொல்வதை, எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் நானே எடுத்துச் சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள், நல்ல கேள்விகளும் வந்தன. ஆனால் கட்டணம் கட்டி வந்த மாணவி சொல்லித்தான் பாடத்திட்டம் நிரம்ப வேண்டுமா என்று ரயிலில் வரும்போது தோன்றியது.

தொடரியல் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளைப்படங்களை வரைந்து தள்ளினோம். ‘எனக்குப் பசிக்கிறது’ போன்ற தொடரில் எழுவாய் எது என்ற கேள்வி மட்டும் ஒரு மாலையைச் சுவையாக்கியது. சொல்லின் உள்ளமைப்பை ஆராயும் உருபனியலில் தமிழ் படித்தவர்களுக்குத் தனி வசதி இருக்கிறது. லைப்சிக் விதிகளின்படி சொல்லைத் துண்டுபோட்டு ஒவ்வொரு துண்டின் கீழும் அதன் இலக்கணப் பொருளை எழுதச் சொன்னபோது மற்றவர்கள் திணறினார்கள். நன்னூல் சொல்லும் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறையும் உயர்நிலைப் பள்ளியில் அடித்துப் பிரித்த கைக்கு அது பழகிய வேலை. எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் வைத்தேன்.

சமூக மொழியியல் பாடம் சிங்கப்பூரிலேயே நடந்ததால் பிழைத்தது. 1959இல் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கைப் பற்றி, அதாவது ஒரே சமூகத்தில் எழுத்துக்கு ஒரு வழக்கும் பேச்சுக்கு வேறொரு வழக்கும் இருப்பதைப் பற்றி எழுதியபோது அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைத்தியின் கிரியோல் ஆகிய நான்கை எடுத்துக்கொண்டார். எங்கள் விரிவுரையாளர் அவற்றோடு நிற்காமல், 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு நம் பள்ளிகளில் பேச்சுத்தமிழுக்கு இடம் கிடைத்த கதையை விவாதத்துக்கு வைத்தார். வகுப்பில் இருந்த இரண்டு தமிழாசிரியர்களும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்ட வாரமும் நினைவில் நிற்கிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு, தமிழை அதிகம் பேசுவோர் 2020இல் 2.5 விழுக்காடு. இந்த எண்களைப் பார்த்தவுடன் ஒப்பாரி வைப்பதுதான் நம் வழக்கம். ஆனால் அதே கணக்கெடுப்பில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் இரண்டாவதாக ஒரு தாய்மொழியையும் வீட்டில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபின், எண்ணைவிட அந்த எண்ணைப் பெற்றுத்தந்த கேள்வி எப்படி அமைந்தது என்பதைக் கவனிக்கப் பழகினோம். என் வீட்டையே எடுத்துக்கொண்டால், நானும் மாமியாரும் தமிழில் பேசுகிறோம், மகனும் அவன் அப்பாவும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், திட்டுவது மட்டும் எல்லோருக்கும் தமிழில் நடக்கிறது. இதை ஒரு கட்டத்துக்குள் எப்படி அடைப்பது?

இனி இந்தப் படிப்பின் உச்சம். இரண்டாம் ஆண்டில் களப்பணி முறைகள் என்று ஒரு பாடம் உண்டு. வகுப்பில் யாருக்கும் தெரியாத மொழியைப் பேசும் ஒருவர் வாரந்தோறும் வந்து எதிரே உட்காருவார். பதின்மூன்று வாரத்தில் நாங்கள் அவரிடம் கேட்டுக் கேட்டே அம்மொழியின் ஒலிகளையும் இலக்கணத்தையும் எழுத வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு போயானியப் பாட்டி. சாவகத் (ஜாவா) தீவுக்கு வடக்கே இருக்கும் பாவேயான் தீவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த சமூகத்தவர் போயானியர். ஒரு காலத்தில் குதிரை பராமரிப்பவர்களாகவும் வண்டியோட்டிகளாகவும் இருந்தவர்கள், பொண்டோக் எனப்படும் கூட்டு விடுதிகளில் ஊர்வாரியாகத் தங்கியவர்கள். அவர்கள் பேசுவது மதுரா மொழியின் ஒரு கிளை. நம் மதுரை இல்லை. சாவகத்தை அடுத்துள்ள மதுரா தீவு. இதை நான் வீட்டில் மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது.

மொழியியலாளர் மொரிஸ் ஸ்வாதேஷின் அடிப்படைச் சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கண், காது, தண்ணீர், கல் என்று மலாயில் கேட்டோம். பாட்டி தயங்காமல் பதில் சொன்னார். மூன்று வாரம் கழித்து, வகுப்பில் இருந்த மலாய் வானொலிக்காரர் கையைத் தூக்கி, இதுவரை எழுதியதில் பெரும்பகுதி மலாய் என்றார். நாங்கள் மலாயில் கேட்டதால், எங்களுக்குப் புரியட்டுமே என்று பாட்டி மரியாதைக்கு மலாயிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். “வீட்டுப் பேச்சுதான் வேண்டுமா? அதை முதலிலேயே சொல்லக் கூடாதா?” என்று அவர் சிரித்தபோது எங்கள் மூன்று வாரக் குறிப்பு குப்பைக்குப் போயிற்று. எந்தப் பாடப்புத்தகமும் இதை இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு யாரும் மொழிபெயர்ப்பாகக் கேட்கவில்லை. அவருடைய பேத்தியை அழைத்துவந்து இருவரையும் சமையலைப் பற்றிப் பேச விட்டு, நாங்கள் ஓரமாக உட்கார்ந்து பதிவுசெய்தோம்.

அந்தப் பதிவிலிருந்து கிடைத்ததுதான் எனக்கு இன்றும் இனிப்பது. மதுரா மொழியில் ஒன்றைப் பலவாக்க வேண்டுமானால், சொல்லின் கடைசி அசையை எடுத்து முன்னால் ஒட்டுகிறார்கள். பழத்துக்குப் ‘புவா’ என்றால், பலவகைப் பழங்கள் என்பதற்கு ‘வா’ முன்னால் வந்து, பிறகு ‘புவா’ வந்து, கடைசியில் ஒரு விகுதி சேரும். மலாயில் முழுச்சொல்லும் இரட்டிக்கும். இங்கே வாலை மட்டும் வெட்டித் தலையில் ஒட்டுகிறார்கள். நாம் ‘பழம் கிழம்’, ‘புலி கிலி’ என்று சொல்லும்போது முதல் அசையை எடுத்துவிட்டுக் கிகரத்தை வைக்கிறோம் அல்லவா, அதை நான் வெண்பலகையில் எழுதினேன். எந்தத் தமிழ்ச் சொல்லோடும் ‘கி’ சேருமா, ககரத்தில் தொடங்கும் சொல்லுக்கு என்ன செய்வீர்கள், ‘கிளி’யை எப்படி எதிரொலிப்பீர்கள் என்று எட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ‘கிளி கிளி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; ‘கிளி மிளி’ என்றும் துணிந்து சொல்ல முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழை விற்றுப் பிழைப்பவளுக்கு அன்று பதில் இல்லை, மறுநாள் அலுவலகத்தில் எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன், ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள்.

இவ்வளவு நல்ல பாடத்தை நிர்வாகம் கெடுத்ததையும் எழுத வேண்டும். பாட்டி கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம் நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலத்தில். அவர் அரபு வரிவடிவமான ஜாவி எழுத்தில் மலாய் படிப்பவர். மலாய் தெரிந்த மாணவர்களே அதை மலாயாக்கி வாசித்துக்காட்டினார்கள். பதிவுகளின் நகல் குடும்பத்துக்குத் தரப்படும் என்று அப்படிவத்தில் இருந்தது. பருவம் முடிந்து எட்டு மாதம் வரை தரவில்லை. நாங்கள் மூன்று பேர் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பிய பிறகே பேத்தியின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. மொழிகள் மறைந்துபோவதைப் பற்றி வகுப்புக்கு வகுப்பு கவலைப்படும் துறைக்கு இது அழகில்லை.

அயல்மொழி, இலக்கியம் என்ற இரண்டு சரக்கையும் விரைவாகவே முடித்துவிடலாம். அயல்மொழி என்ற பெயரில் இருப்பது பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழியில் ஒரு வாசிப்புத் தேர்வு மட்டும். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரைப் பகுதியை ஆங்கிலமாக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்டப் படிப்புகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இந்தத் தீவில் உட்கார்ந்துகொண்டு மலாயையோ சமஸ்கிருதத்தையோ பாரசீகத்தையோ வாசிப்பு மொழியாக எடுக்க ஏன் வழியில்லை என்று கேட்டேன். மதிப்பிட ஆளில்லை என்றார்கள். ஒரு மொழியைப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு இப்படிப்பில் சேர்வது, மீன் வாங்க லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தைக்குப் போய் மீனின் எலும்புக்கூட்டைப் பற்றி விரிவுரை கேட்டுவிட்டு வருவதைப் போன்றது. இலக்கியப் பாடம் ஒப்பிலக்கியம் என்ற பெயரில் ஐரோப்பிய நாவலைச் சுற்றியே வந்தது. வகுப்பில் நான்கு அதிகாரத்துவ மொழிகளையும் பேசுவோர் இருந்தும், யாரும் தம் மொழி இலக்கியத்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டிய தேவை ஏற்படவில்லை.

தேக்கா என்றதும் நினைவுக்கு வருகிறது: சொற்பிறப்பியல் பயிற்சியில் நான் எடுத்துக்கொண்டது இப்பெயரைத்தான். சீன மொழிவகைகளுள் ஒன்றான ஹொக்கியனில் சிறு மூங்கில்களின் அடி என்று பொருள்படும் ‘தெக் கியா கா’ நம் வாயில் தேக்காவாகி, தேக்கு மரத்தோடு உறவு கொண்டாடும் அளவுக்குத் தமிழாகிவிட்டது. எதிர்ப்பக்கம் போன சொற்களும் நிறைய உண்டு. கடை ‘கெடாய்’ ஆனதும், கப்பல் ‘கப்பால்’ ஆனதும், பெட்டி ‘பெத்தி’ ஆனதும் மலாய் படித்த எவருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ஒலி எப்படி மாறியது என்பதை விதியாக எழுதிக் காட்ட வேண்டும் என்பதுதான் பயிற்சி. ஒத்த ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு உலகிலுள்ள சொல்லையெல்லாம் தமிழாக்கிவிடும் வாட்ஸ்அப் செய்திகளை இப்போது என்னால் பொறுமையாகப் படிக்க முடிவதில்லை. குடும்பக் குழுவில் இதனால் சிலர் என்னோடு மனத்தாங்கலாக இருக்கிறார்கள்.

நூலக வசதியில் குறையே இல்லை, அதில் பாதிப் பெருமை பல்கலைக்கழகத்துக்கு வெளியே போக வேண்டியது. விக்டோரியா ஸ்திரீட்டில் 2005இல் திறந்த தேசிய நூலகக் கட்டடத்தின் 7ஆம் தளம் முதல் 13ஆம் தளம் வரை இருக்கும் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் சனிக்கிழமைகளைக் கழித்தேன். சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு 11ஆம் தளத்தில் இருக்கிறது. யாரும் கட்டணம் கேட்பதில்லை, மாணவர் அட்டையும் தேவையில்லை. இப்படிப்பில் சேராமலே ஒருவர் அங்கே போய் உட்கார்ந்து படிக்கத் தொடங்கலாம்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ‘ஆம்’ என்ற ஒட்டு. ‘வந்தான்’ என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டது என்று கையைக் கழுவிக்கொள்கிறார். உலக மொழிகளில் இவ்வகை இலக்கணத்தைத் தொகுத்து அலெக்சாந்திரா ஐகன்வால்ட் 2004இல் ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். என் தொழிலில் இது நாள்தோறும் வரும் சங்கடம். ஒருவர் திருடியதாகச் சொல்லப்படும் செய்தியை ‘திருடினாராம்’ என்று எழுதினால் வம்பு பேசுவதுபோல இருக்கிறது. ‘திருடியதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதினால் கூறியவர் யார் என்று வாசகர் கேட்கிறார். கதையில், பேச்சில், எழுத்துச் செய்தியில் இந்த ஒட்டு எங்கெங்கே நிற்கிறது, எங்கே மறைகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி 1965 முதல் 2015 வரையிலான தமிழ்ப் படைப்புகளைத் தன்னார்வலர்கள் மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தில் சேர்த்த தமிழ் மின்மரபுத் திட்டம் இல்லாவிட்டால் இதைச் செய்திருக்கவே முடியாது. தேடுவதும் எளிதாக இல்லை. ‘ஆம்’ என்று முடியும் சொல்லைத் தேடினால் போகலாம், எல்லாம், முதலாம், ஆமாம் என்று ஊரெல்லாம் வந்து நிற்கும். நான்கு மாதம் கையால் பொறுக்கிப் பிரித்தேன்.

எனக்கு வாய்த்த நெறியாளருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இதைக் குறையாகத்தான் எழுதவிருந்தேன். ஆனால் மூன்றாம் சந்திப்பில் அவர், இந்த ஒட்டைத் தன்மை வினையோடு சேர்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தவள், முந்தைய நாள் காலையில் என் கணவரைப் பற்றி அண்டை வீட்டு அக்காவிடம் நானே சொன்னதை நினைத்துக்கொண்டேன்: “நான் தூக்கத்துல குறட்டை விடறேனாம்.” தன் செயலைத் தானே அறியாத நிலையில்தான் தன்மையில் ‘ஆம்’ வருகிறது. தூக்கம், மயக்கம், கைக்குழந்தைப் பருவம், இவற்றோடு ஒப்புக்கொள்ள விருப்பமில்லாத குற்றச்சாட்டு. தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டிருக்கவே மாட்டாத கேள்வி அது. என் ஆய்வேட்டின் சிறந்த இயல் அதிலிருந்துதான் வந்தது. எடுத்துக்காட்டுகளைச் சரிபார்க்க மட்டும் தமிழ் அறிந்த இரண்டாவது மதிப்பீட்டாளர் வேண்டியிருந்தது, அவரைக் கண்டுபிடிக்கத் துறை ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. அதனால் என் பட்டமளிப்பு ஒரு சுற்றுத் தள்ளிப்போயிற்று. சேர விரும்புபவர்கள் தகவல் கூட்டத்திலேயே, உங்கள் மொழியில் எழுதும் ஆய்வை யார் மதிப்பிடுவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியர்களும் பேச்சுச் சிகிச்சையாளர்களும் ஒலியியலையும் களப்பணியையும் மட்டும் தனிப்பாடமாகப் பதிவுசெய்து படிக்கலாம். அதற்கு வழி இருக்கிறது, கட்டணம் மொத்தத்தில் ஒரு பங்குதான். மொழிபெயர்ப்பாளர்கள் சேர்வதானால் ஆய்வேடு வரை போக வேண்டும், இல்லாவிட்டால் நம் தொழிலுக்கு உதவுவது குறைவு. முழுநேர இலக்கிய வாசகர்கள் பணத்தைச் சேமித்துப் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக எழுத்து. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது சேரும்போதே தெரிந்ததுதான். ஆனால் எடுத்துக்காட்டுத் தொடர்களையும் ரோமன் எழுத்தில்தான் தர வேண்டும் என்பது ஒப்படைக்கும் வாரத்தில்தான் தெரியவந்தது. ஒலிபெயர்ப்பு வரிக்கு மேலே தமிழ் வரியையும் வைத்து அனுப்பியபோது, ஆய்வேட்டைப் பதிவேற்றும் கணினி அமைப்பு கொம்பையும் காலையும் பிரித்து நடுவே புள்ளி வட்டங்களைப் போட்டு, ‘கொடுத்தாராம்’ என்ற சொல்லை யாரும் படிக்க முடியாதபடி உடைத்துத் திருப்பி அனுப்பியது. ஒருங்குறி எழுத்துருவைக் கோப்பில் பதித்து மீண்டும் அனுப்பினேன். இம்முறை எழுத்து உடையவில்லை, ஆனால் கையேட்டு விதிப்படி இல்லை என்று அலுவலகம் திருப்பியது. விதியை மாற்றும்படி கேட்டு நானும் ஜப்பானிய மொழியில் ஆய்வு செய்த ஒருவரும் கடிதம் கொடுத்தோம். இவ்வாண்டுக் கையேட்டில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ரோமன் அல்லாத எழுத்துகளைப் பின்னிணைப்பில் தரலாம். என் தொடர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டும் இப்போது பின்னிணைப்பில் தமிழில் இருக்கின்றன.